மாற்றுக் கல்லீரலும் மாத்திரையின் அளவும்

கல்லீரல் மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பும் குடும்பத்தை ஆட்டிவைக்கும் பயம் ஒன்றே: வைத்த கல்லீரலை உடம்பு ஏற்றுக்கொள்ளுமா, தள்ளிவிடுமா? முதல் சில மாதங்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் முதல் ஆண்டைத் தாண்டியவர்களுக்குப் பிறகு என்ன நேர்கிறது என்று பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தால், நிராகரிப்பால் வரும் மரணம் மிகச் சொற்பமாகவே இருக்கிறது. தொற்று, புற்றுநோய், மாரடைப்பும் பக்கவாதமும், சிறுநீரகம் கெட்டுப்போவது ஆகிய நான்கும்தான் முன்னுக்கு வருகின்றன. கல்லீரலைக் கெடுத்த பழைய நோய் மறுபடி தலைதூக்குவதும் சிலருக்கு நேர்கிறது. அந்த நான்கிலுமே, கல்லீரலைக் காப்பாற்ற நாள்தோறும் விழுங்கும் எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்துகளுக்குப் பங்கு உண்டு. அவை இல்லாமல் கல்லீரல் நிலைக்காது. அளவு மிஞ்சினால் மற்ற உறுப்புகள் தாங்காது. இந்த மருந்துகளால் வரும் தொல்லைகளை வாய்மூடிச் சகிக்க வேண்டிய தலைவிதியாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் பயந்துபோய் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தொல்லையும் அளவைத் திருத்தச் சொல்லும் தகவல் என்றும், அந்தத் திருத்தத்தைத் தாமதிக்காமல் செய்வதுதான் அறுவைக்குப் பிந்தைய சிகிச்சையின் மையம் என்றும் நான் வாதிடுகிறேன்.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிறருடைய உறுப்பு உள்ளே வந்ததும் அதை அந்நியன் என்று கண்டுகொள்பவை ரத்தத்திலுள்ள டி அணுக்கள். கண்டுகொண்டதும் அந்த அணுவுக்குள் கால்சிநியூரின் என்ற நொதி வேலை தொடங்குகிறது. அதன் தூண்டுதலால் இன்டர்லூகின்-2 என்ற ரசாயனம் சுரக்கிறது. அந்த அழைப்பைக் கேட்டு டி அணுக்கள் பல்கிப் பெருகிப் புதுக் கல்லீரலைத் தாக்குகின்றன. இன்று கல்லீரல் மாற்றம் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் சாப்பிடும் டாக்ரோலிமஸ், அதற்கு முன் வந்த சைக்ளோஸ்போரின் இரண்டும் கால்சிநியூரினைத்தான் தடுக்கின்றன. சிக்கல் என்னவென்றால், கால்சிநியூரின் டி அணுக்களில் மட்டும் இல்லை. மூளையில் ஏராளமாக இருக்கிறது. சிறுநீரகத்தில் இருக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களுக்கும் அது தேவைப்படுகிறது. மாத்திரைக்கு டி அணு எது, கணைய அணு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே கை நடுங்குவதும், ரத்த அழுத்தம் ஏறுவதும், சர்க்கரை தலைகாட்டுவதும் மருந்து வேறு இடங்களிலும் தன் வேலையைச் செய்வதன் விளைவுகளே. எவ்வளவு மருந்து ரத்தத்தில் ஓடுகிறதோ அதற்கேற்ப அவை கூடவோ குறையவோ செய்கின்றன.

இவ்வளவு பெரிய அளவில் இந்த மருந்துகளை ஏன் கொடுக்கத் தொடங்கினார்கள் என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1963-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் மனிதருக்குக் கல்லீரலை மாற்றிப் பொருத்த முதன்முதலில் முயன்றார். அன்றைக்கு அவர் கையில் இருந்தவை அசாதயோப்ரினும் ஸ்டீராய்டும்தான். எழுபதுகளின் கடைசி வரை, அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் ஓராண்டைக் கடந்தார். நார்வே நாட்டின் மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் சைக்ளோஸ்போரினைப் பிரித்தெடுத்தது. கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் 1978-இல் அதை உறுப்பு மாற்றத்தில் பயன்படுத்தினார். 1984-இல் ஜப்பானின் சுகூபா பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் கிடைத்தது. 1989-இல் பிட்ஸ்பர்க்கில் ஸ்டார்ஸல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஓராண்டு உயிர்பிழைப்பு இன்று நல்ல மையங்களில் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி நிற்கிறது. இந்த மருந்துகள் இல்லாவிட்டால் அந்த எண் வந்திருக்காது. அவற்றின் தீங்கைப் பேசும்போது இதை ஒரு கணமும் மறக்கக் கூடாது. ஆனால் நிராகரிப்பைக் கண்டு நடுங்கிய அந்தக் காலத்தில் வகுத்த தாராளமான அளவுகள், நோயாளிகள் இருபது முப்பது ஆண்டுகள் வாழத் தொடங்கிய பிறகும் பழக்கத்தால் நீடித்தன. அதற்கான விலையைச் சிறுநீரகம் கொடுத்தது.

2003-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் சிறுநீரகம் அல்லாத பிற உறுப்புகளைப் பெற்ற 69,321 பேரின் பதிவுகளை அலசியது. கல்லீரல் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு ஐந்தே ஆண்டுகளில் சிறுநீரகங்கள் கடுமையாகச் செயலிழந்திருந்தன. ஐந்தில் ஒருவர் என்று சொல்லிவிடலாம். கல்லீரல் சுருக்க நோயால் ஏற்கெனவே அடிவாங்கிய சிறுநீரகங்கள், அறுவையின்போது இறங்கிய ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அவற்றோடு நாள்தோறும் சேர்ந்துகொள்வது கால்சிநியூரின் தடுப்பு மருந்து. சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய நாளத்தை அது இறுக்குகிறது. தொடக்கத்தில் இது மீளக்கூடிய இறுக்கம். அளவைக் குறைத்தால் நாளம் தளரும். ஆண்டுக்கணக்கில் இறுக்கிக்கொண்டே இருந்தால் திசுவில் வடு விழுகிறது. வடு விழுந்த இடம் திரும்பி வராது. எனவே சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு முதல் ஓராண்டில்தான் பெரிதாக இருக்கிறது.

இங்கே ஒரு பரிசோதனைத் தாளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 1.2 என்று வந்திருக்கிறது. சில ஆய்வுக்கூடங்களின் தாளில் அது இயல்பு வரம்புக்குள்ளேயே இருக்கும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரம் உண்டு. அதில் போட்டால் இருபத்தைந்து வயது ஆணுக்கு இதே 1.2 ஏறத்தாழ 86 மில்லியாக வருகிறது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அது 53 மட்டுமே. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே நாட்பட்ட சிறுநீரக நோய் என்று வகைப்படுத்துகிறார்கள். இன்னொன்றும் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. நீண்ட கல்லீரல் நோயால் தசை கரைந்துபோன ஒருவருக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும். சிறுநீரகம் நலிந்திருந்தாலும் எண் அழகாகத் தெரியும். ‘கிரியேட்டினின் நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறைவடைந்துவிடுவது, என் கருத்தில், நம் ஊர்களில் அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பின் மிகப் பெரிய ஓட்டை. வடிகட்டும் வேகத்தின் கணக்கும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற சோதனையும் அதே தாளில் வர வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை.

அளவைத் திருத்துவதற்கு அடிப்படையாக அமைவது, நோயாளிகள் ‘லெவல்’ என்று அழைக்கும் ரத்தச் சோதனை. டாக்ரோலிமஸ் ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை நானோகிராம் இருக்கிறது என்று அது சொல்கிறது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அடுத்த வேளை மருந்து உள்ளே போவதற்குச் சற்று முன், ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் இதை எடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் காலை எட்டு மணிக்கு, மாத்திரையை விழுங்காமல், கையில் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். ரத்தம் கொடுத்த பிறகு அங்கேயே விழுங்கலாம். பழக்க தோஷத்தில் வீட்டிலேயே காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால், ஐந்து என்று வர வேண்டிய எண் பத்து, பதினைந்து என்று எகிறிவிடும். அதைப் பார்த்து மருத்துவர் அளவைக் குறைப்பார். உண்மையில் போதுமானதாக இருந்த மருந்து போதாமல் போகும். நேற்று இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், இன்று காலை சாப்பிட்டீர்களா என்ற இரண்டு கேள்விகளை ரத்தம் எடுப்பவர் கேட்டு எழுதிக்கொள்ளாத தாளில் உள்ள எண்ணுக்கு மதிப்புக் குறைவு.

அந்த எண்ணை ஏற்றி இறக்குபவை அன்றாட வாழ்க்கையில் எங்கும் இருக்கின்றன. டாக்ரோலிமஸைக் கல்லீரலும் குடல் சுவரும் ஒரே நொதிக் குடும்பத்தைக் கொண்டு சிதைக்கின்றன. அந்த நொதியைத் தடுக்கும் எதுவும் மருந்தின் லெவலை உயர்த்தும்: நெஞ்சுச் சளிக்கு எழுதித்தரும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்கும் வாயில் படியும் பூஞ்சைக்கும் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம். பம்பளிமாசுப் பழமும் அப்படித்தான். அதன் உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தை மருந்துச் சீட்டிலேயே விலக்கச் சொல்லியிருக்கும். வலிப்புக்கான ஃபெனிடாயினும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் நேரெதிராக லெவலைத் தரைமட்டமாக்கும். காசநோய் இன்னும் நம்மை விட்டுப் போகாத நாட்டில், எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவருக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். அதைக் குணப்படுத்தும் முதன்மை மருந்தோ கல்லீரலைக் காக்கும் மருந்தை விரட்டியடிக்கிறது. அதோடு கொடுக்கும் பிற மருந்துகளும் கல்லீரலுக்குச் சுமை. இப்படிப்பட்டவருக்கு வழக்கமான காசநோய்ச் சிகிச்சையை அப்படியே தொடங்கிவிட முடியாது.

வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து உடம்பில் தங்காது, லெவல் குறையும் என்று நாம் நினைப்போம். டாக்ரோலிமஸ் விஷயத்தில் நடப்பது தலைகீழ். குடல் சுவரில் மருந்தைச் சிதைத்தும் வெளியே தள்ளியும் காவல் காக்கும் அமைப்புகள் வயிற்றுப்போக்கில் பழுதாகிவிடுவதால், வழக்கத்தைவிட அதிக மருந்து ரத்தத்தில் ஏறுகிறது. அதே நேரத்தில் உடம்பில் நீர் வற்றுகிறது. இறுகிய நாளமும் வற்றிய உடம்பும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாட்களில் சிறுநீரகம் திணறிவிடும். அத்தோடு உடல் வலிக்கு என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ வாங்கிப் போட்டுக்கொண்டால் மூன்றாவது அடியும் விழுந்தாயிற்று. பேதி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் உறுப்பு மாற்று சிகிச்சை மையத்துக்குத் தொலைபேசியில் சொல்வதும், லெவலும் கிரியேட்டினினும் உடனே பார்ப்பதும் கட்டாயம். வலிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவுக்குள் பாராசிட்டமால் போதும். கல்லீரல் மாற்றியவர் அதைத் தொடவே கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம்தான் அவர்களை டைக்ளோஃபெனாக் பக்கம் தள்ளுகிறது.

சிறுநீரகத்துக்கு அடுத்தபடி கவலை தருவது சர்க்கரை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023-இல் சொன்னது. அந்த நோய்க்கான மரபுச் சுமையோடு வருபவருக்கு, இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டாக்ரோலிமஸும் இன்சுலினின் பலனைக் கெடுக்கும் ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேர்கின்றன. ஸ்டீராய்டு கொடுக்கும் மற்றத் தொல்லைகள் தெரிந்தவை: முகம் உப்புவது, எடை ஏறுவது, எலும்பு தேய்வது, கண்புரை, எரிச்சலும் தூக்கமின்மையும். கல்லீரல் மாற்றத்தில் ஒரு நல்ல செய்தி, பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலேயே ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட முடிகிறது. கல்லீரலைத் தன் எதிர்ப்பாற்றலே அழித்த நோயால் அறுவைக்கு வந்தவர்கள் மட்டும் சிறிய அளவில் தொடர வேண்டியிருக்கும். கைநடுக்கம், தலைவலி, தலைமுடி உதிர்வு ஆகியவை டாக்ரோலிமஸின் அடையாளங்கள். சைக்ளோஸ்போரினோ முகத்திலும் கையிலும் முடி வளர்த்து, ஈறை வீங்கவைக்கும். பொட்டாசியம் ஏறுவதும் மக்னீசியம் இறங்குவதும் வெளியே தெரியாதவை. பொட்டாசியம் கூடியிருக்கிறது என்று தாளில் வந்தவர் உடம்புக்கு நல்லது என்று தினமும் இளநீர் குடிப்பது ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் மிகுதி.

எதிர்ப்பாற்றலை அடக்கினால் தொற்று வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதல் ஆறு மாதங்கள் அதற்குக் கடுமையான காலம். சைட்டோமெகலோ வைரஸுக்கும் நுரையீரலைத் தாக்கும் ஒரு வகைப் பூஞ்சைக்கும் தடுப்பு மருந்துகள் அப்போது சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் கூடாது. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி போன்றவை போட்டுக்கொள்ள வேண்டியவை. புற்றுநோயைப் பற்றித்தான் இங்கே போதிய பேச்சு இல்லை. கிருமியைத் தேடிப் பிடிக்கும் அதே காவல் அணுக்கள்தாம் உடம்பில் பிறழ்ந்து பிறக்கும் செல்களையும் தொடக்கத்திலேயே ஒழிக்கின்றன. காவல் தளர்ந்தால் அவை தப்பிக்கின்றன. வெள்ளை நிறத்தவரிடம் இது தோல் புற்றாக அதிகம் வெளிப்படுவதால் மேற்கத்திய வழிகாட்டு நூல்கள் வெயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. மதுவாலும் புகையிலையாலும் கெட்டு அறுவைக்கு வந்த நம் ஊர் ஆண்களுக்கு வாயையும் தொண்டையையும் பார்ப்பதுதான் அவசரம். ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவர் நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

இவ்வளவும் அளவைப் பொறுத்தது என்றால், அளவைக் குறைத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? முதல் மாதத்தில் டாக்ரோலிமஸ் லெவலைப் பத்துக்கு மேல் வைத்தவர்களையும் அதற்குக் கீழே வைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளின் தொகுப்பு 2012-இல் வந்தது. குறைத்தவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு குறைவாக இருந்தது. நிராகரிப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. அதே ஆண்டு 719 பேரைக் கொண்ட பன்னாட்டுச் சோதனை ஒன்றின் முடிவும் வந்தது. டாக்ரோலிமஸைக் குறைத்து எவெரோலிமஸ் என்ற வேறு வகை மருந்தைச் சேர்த்தவர்களுக்கு, ஓராண்டின் முடிவில் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 8.5 மில்லி கூடுதலாக நின்றது, நிராகரிப்பு கூடவில்லை. இந்தச் சோதனையின் இன்னொரு பிரிவில் டாக்ரோலிமஸை முழுவதுமாக நிறுத்திப் பார்த்தார்கள். அங்கே நிராகரிப்பு அதிகமானதால் அந்தப் பிரிவையே இடையில் கைவிட வேண்டி வந்தது. ஒரே சோதனைக்குள் இரண்டு பாடமும் இருப்பதால்தான் இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எவெரோலிமஸுக்கும் தொல்லைகள் உண்டு: வாய்ப்புண், கால் வீக்கம், கொழுப்பு ஏறுவது, அறுவைக் காயம் ஆறத் தாமதமாவது. அதனால்தான் அறுவைக்குப் பின் ஒரு மாதம் கழித்தே அதைத் தொடங்குகிறார்கள். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த ரபமைசினின் வழித்தோன்றல் அது. அந்த ரபமைசினை உலகுக்குக் கொண்டுவந்த பணியில் முன்னின்றவர் இந்தியாவில் படித்த விஞ்ஞானி சுரேந்திரநாத் சேகல்.

குறைத்தால் கல்லீரல் போய்விடாதா என்று கேட்பவர்களின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. சிறுநீரகமோ இதயமோ மாற்றியவரிடம் இதே வாதத்தை இவ்வளவு துணிவாக வைக்க மாட்டேன். கல்லீரல் வேறு மாதிரியானது. பன்றிகளுக்குக் கல்லீரலை மாற்றியபோது எந்த மருந்தும் இல்லாமலே பல பன்றிகள் பிழைத்ததை ராய் கால்னின் குழு 1969-இல் ‘நேச்சர்’ இதழில் பதிவுசெய்தது. மனிதக் கல்லீரல் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் மற்ற உறுப்புகளைவிடக் குறைந்த மருந்தில் நிலைக்கிறது, தாக்குண்ட திசுவை மறுபடி வளர்த்துக்கொள்கிறது. முதல் மாதங்களில் வரும் லேசான நிராகரிப்பு பெரும்பாலும் சில நாள் ஸ்டீராய்டு ஊசியில் அடங்கிவிடுகிறது, கல்லீரலின் ஆயுளையும் குறைப்பதில்லை. சிறுநீரகத்தில் விழுந்த வடுவுக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது. மீளக்கூடிய சிறிய ஆபத்தையும் மீளமுடியாத பெரிய ஆபத்தையும் எடை போட்டுத்தான் இன்றைய வழிகாட்டு நெறிகள் முதல் மாதத்தில் ஆறிலிருந்து பத்து, பிறகு நான்கிலிருந்து எட்டு என்ற அளவில் லெவலை வைக்கச் சொல்கின்றன. வெகுநாள் கழித்து மருந்தை விட்டதால் வரும் நிராகரிப்பு மட்டும் வேறு ரகம்; அது பித்தநாளங்களை மெல்ல அழித்து, மறு அறுவை வரை கொண்டுபோய்விடக்கூடும்.

கல்லீரல் இவ்வளவு பொறுமையானது என்றால், பத்து வருடம் கழித்து நிறுத்திவிட்டால் என்ன? இந்தக் கேள்வியை மருத்துவர்களே கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் நிலையான உடல்நிலையில் இருந்த 102 பேரைத் தேர்ந்தெடுத்து மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். 41 பேரால் மருந்தில்லாமல் இருக்க முடிந்தது. அறுவை நடந்து ஆண்டுகள் அதிகமாகியிருந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பெற்றோரிடமிருந்து கல்லீரல் பெற்ற 20 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடத்திய சோதனையில் 12 பேர் வெற்றி கண்டார்கள். நம்பிக்கை தரும் எண்கள்தாம். ஆனால் பொறுக்கி எடுத்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு நிராகரிப்பு வந்தது என்பதையும் அதே ஐரோப்பியச் சோதனைதான் சொல்கிறது. அவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் திசுச் சோதனையும் நடந்துகொண்டிருந்ததால் தொடக்கத்திலேயே பிடிக்க முடிந்தது. வீட்டில் தானாக நிறுத்துபவருக்கு அந்தக் காவல் இல்லை. யாருக்கு நிறுத்தலாம் என்று முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான சோதனையும் அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் வரவில்லை.

தொல்லைகளை எல்லாம் விளக்கிச் சொன்னால் நோயாளி மிரண்டு மருந்தை விட்டுவிடுவார் என்று சில மருத்துவர்கள் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், விளைவு நேர்மாறாகவே இருக்கிறது. வளரிளம் பருவத்தினரைப் பாருங்கள். முகம் உப்புவதும் முடி வளர்வதும் பள்ளியில் கேலிக்கு இடமாகும்போது, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் அவர்கள். அந்த வயதில் கல்லீரல் பழுதாவதற்கு மருந்தைத் தவறவிடுவது முக்கியக் காரணம் என்பதை உலகெங்குமுள்ள குழந்தை மருத்துவர்கள் அறிவார்கள். இந்தியாவில் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்றம் 1998-இல் டெல்லியில் ஒரு குழந்தைக்குத்தான் நடந்தது. அதற்குப் பின் வந்த பிள்ளைகள் அறுபது எழுபது ஆண்டுகள் மாத்திரையோடு வாழ வேண்டியவர்கள். ‘இது இந்த மருந்தால் வருகிறது, சொன்னால் மாற்றித் தரலாம்’ என்று முன்னதாகவே தெரிந்த பிள்ளை மருந்தை ஒளித்து எறிய வேண்டியதில்லை. குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கும் இந்தப் பேச்சு முன்கூட்டியே தேவை. டாக்ரோலிமஸோடு பலருக்குச் சேர்த்துக் கொடுக்கும் மைக்கோஃபீனோலேட் என்ற எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்து கருவைச் சிதைக்கும், பிறவிக் குறைகளை உண்டாக்கும். கருத்தரிப்பதற்கு ஆறு வாரம் முன்பே அதை நிறுத்தி, டாக்ரோலிமஸோடு அசாதயோப்ரின் போன்றவற்றுக்கு மாற வேண்டும். கர்ப்பம் உறுதியான பிறகு இதைச் சொல்வது காலம் கடந்த அறிவுரை.

எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதுதானே என்று கேட்டு, நாட்டு மருந்துக்கடையில் சீந்தில் பொடி வாங்கிக் கொடுக்கும் உறவினர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களின் அன்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் எதுவும் இந்த நோயாளிக்கு எதிர்வேலை. கொரோனா காலத்தில் சீந்திலைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்கு, எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் வகையிலான அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அவர்கள் எந்த உறுப்பும் மாற்றாதவர்கள். அலோபதி மருந்துகளின் தீங்கை இத்தனை பக்கம் பேசிவிட்டு மூலிகையை விலக்கச் சொல்வது பாரபட்சம் என்று தோன்றலாம். டாக்ரோலிமஸின் தீங்கை அளந்து பார்க்க லெவல் என்று ஒன்று இருக்கிறது. பொடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழியில்லை.

செலவைப் பற்றிய கவலையும் உண்மையானது. இந்தியாவில் தயாராகும் மலிவான டாக்ரோலிமஸ் தரக்குறைவாக இருக்குமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். கல்லீரலும் சிறுநீரகமும் மாற்றிய நோயாளிகளிடமே அசல் நிறுவன மருந்தையும் பொதுப்பெயர் மருந்துகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை 2017-இல் வெளிவந்தது. ரத்தத்தில் அவை சமமாகவே நடந்துகொண்டன. நம்பகமான தயாரிப்பு எதுவானாலும் ஒன்றையே தொடர்வதும், கடைக்காரர் வேறு பெயரில் கொடுத்தால் மையத்துக்குச் சொல்லி லெவல் பார்ப்பதும் போதும். ஒரு நாளைக்கு இருவேளை சாப்பிடும் வகையையும் ஒருவேளை வகையையும் மாற்றிக் கொடுத்துவிடுவதுதான் உண்மையான அபாயம். பெட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சோதனைச் செலவை மிச்சம் பிடிக்க லெவலைத் தள்ளிப்போடுகிற குடும்பங்களும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்த பின் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்காக ஒருவர் வேலையை விடுவதும் துணைக்கு இன்னொருவர் அலைவதும் எத்தனை சோதனைகளுக்குச் சமம் என்று கணக்குப் பார்த்தால் எந்தச் செலவு பெரிது என்பது தெரிந்துவிடும்.

கல்லீரல் மாற்றம் சென்னை போன்ற பெருநகரங்களில் நடக்கிறது. நோயாளி வாழ்வது தேனியிலோ திருவாரூரிலோ. சளிக்கும் பேதிக்கும் அவர் பார்ப்பது தெருமுனை மருத்துவரை. அந்த மருத்துவர் கிளாரித்ரோமைசினோ டைக்ளோஃபெனாக்கோ எழுதினால் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை, அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே உறுப்பு மாற்று சிகிச்சை மையம் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிய கடிதம் கொடுத்தால் என்ன? இவர் சாப்பிடும் மருந்தின் பெயர், அளவு, கடைசி லெவல், வடிகட்டும் வேகம்; சேர்க்கக் கூடாத மருந்துகளின் பெயர்கள்; இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். நோயாளி எந்த மருத்துவரிடம் போனாலும், எந்த மருந்துக்கடையில் நின்றாலும் முதலில் நீட்ட வேண்டிய தாள் அது. ஒவ்வொரு லெவல் சோதனைக்குப் பிறகும் அதில் ஒரு வரி புதிதாகச் சேர வேண்டும்.